சாத்திய கதவும் பூட்டிய கதவும்: மாடிப்படிக் கதவைப் பற்றி ஒரு கேள்வி

கயல்விழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒன்பது தளங்கள், இரண்டு படிக்கட்டுகள். ஒவ்வொரு தளத்திலும் நடைகூடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு ஒன்று இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை மூன்று மாதங்களுக்கு முன்புதான் ஏற்றேன். எனக்கு வரும் புகார்களில் பாதி இந்தக் கதவைப் பற்றியவை.

முதியவர்களால் அதைத் தள்ள முடியவில்லை. கையில் பையுடன் வருபவர்கள் முதுகால் முட்டித் திறக்கிறார்கள். அதனால் நான்கு தளங்களில் செங்கல் வைத்துத் திறந்தே விட்டிருக்கிறார்கள். ஒரு தளத்தில் கைப்பிடியைக் கயிற்றால் குழாயோடு கட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாவது படிக்கட்டு தரைத்தளத்தில் பின்புறமாக வெளியே திறக்கிறது. போன மாதம் அந்த வழியாக யாரோ புகுந்து இரண்டு மிதிவண்டிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். இனி இரவு பத்து முதல் காலை ஐந்து வரை அந்தக் கதவைப் பூட்டி, சாவியைக் காவலரிடம் கொடுத்துவைப்பது என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். நானும் கையெழுத்திட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

தீப்பிடித்தால் எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். எல்லாம் மூடியிருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். இருவருமே உறுதியாகச் சொல்கிறார்கள். எது சரி? ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம் இருக்கிறது. அதற்குள் எனக்கு விளக்கம் வேண்டும்.

---

நிலைக்கதவு

சகோதரி, 22 ஆண்டுகளாகத் தீத்தடுப்புக் கதவுகளைப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் கேட்டதை எல்லாக் கட்டடங்களிலும் கேட்கிறார்கள். குழப்பம் ஒரு சொல்லில் இருக்கிறது. நாம் எல்லாவற்றுக்கும் "மூடு" என்றே சொல்லிவிடுகிறோம். சாத்துவது வேறு, பூட்டுவது வேறு. உங்கள் படிக்கட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் பூட்டியிருக்கக் கூடாது. சாவி இல்லாமல், யாரையும் கேட்காமல், இருட்டில் கை பட்டதும் உள்ளிருந்து திறக்க வேண்டும். ஆள் கடந்ததும் தானே சாத்திக்கொள்ள வேண்டும். இரண்டு வேலைகளையும் அந்த ஒரே கதவு செய்கிறது. உங்கள் கட்டடத்தில் மேலே சாத்த வேண்டிய கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், கீழே திறக்க வேண்டிய கதவைப் பூட்டப் போகிறார்கள். கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

அந்தக் கதவு ஏன் அவ்வளவு கனம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 30, 60, 90, 120 நிமிடங்கள் என்று அதற்கு ஒரு தாக்குப்பிடிக்கும் நேரம் உண்டு. உலையில் வைத்துச் சோதித்துப் பெற்ற நேரம் அது. சோதிக்கும்போது கதவை மட்டும் தனியாக வைப்பதில்லை. நிலை, கீல், பூட்டு, கண்ணாடி, விளிம்புப் பட்டை, கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசர் எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குத்தான் அந்த நேரம். பின்னால் யாராவது கீலை மாற்றி மலிவானதைப் போட்டால், கதவின் மேல் ஒட்டியிருக்கும் 120 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை.

கதவின் விளிம்பிலோ நிலையிலோ ஒரு மெல்லிய பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் ஏறியதும் அது பல மடங்கு உப்பி, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள சந்தை அடைத்துவிடும். அதனால்தான் சந்து ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறோம். சந்து பெரிதானால் பட்டை உப்பியும் எட்டாது. புகைக்கென்று தனியாகத் தூரிகை போன்ற பட்டை உண்டு. தீயின் தொடக்கத்தில் வரும் புகை அவ்வளவு சூடாக இருக்காது, உப்பும் பட்டை அதற்கு அசையாது. தூரிகைப் பட்டைதான் அதைத் தடுக்கும். பெயின்ட் அடிப்பவர்கள் அதன் மேலும் பூசி, கட்டை போல் இறுக வைத்துவிடுகிறார்கள். எத்தனை கட்டடங்களில் அதைச் சுரண்டிப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்!

இவ்வளவு வேலைப்பாடும் கதவு சாத்தியிருந்தால்தான். அடியில் செங்கல் இருந்தால் அது வெறும் சுவர் ஓட்டை.

---

பழைய சைரன்

தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மேலே நண்பர் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன்.

தீ என்றதும் சுடரைத்தான் நினைக்கிறார்கள். நாங்கள் உள்ளே போய்த் தூக்கி வந்தவர்களில் பெரும்பாலோர் உடலில் தீக்காயமே இருக்காது. புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். விழித்திருப்பவருக்கும் சில மூச்சுகளில் கால் தள்ளாடி, எந்தப் பக்கம் வந்தோம் என்பது மறந்துவிடும்.

படிக்கட்டு என்பது கீழிருந்து மேல்வரை ஒரே குழாய். சூடான புகை மேலே ஏறும். கதவு திறந்திருந்தால் படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். மூன்றாம் தளத்துச் சமையலறைத் தீ ஒன்பதாம் தளத்தில் உள்ளவரைக் கொல்வது இப்படித்தான்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 2022 ஜனவரி 9 அன்று நடந்ததைக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். 19 மாடிக் கட்டடம். கீழ்த்தளத்து வீடொன்றில் மின்சார அறைசூடேற்றியிலிருந்து தீப்பிடித்தது. அந்த வீட்டார் வெளியே ஓடினார்கள். தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய வீட்டுக் கதவு சாத்தவில்லை. மேலே 15ஆம் தளத்தில் படிக்கட்டுக் கதவும் திறந்தே நின்றது. தீ அந்த வீட்டையும் அதை ஒட்டிய நடைகூடத்தையும் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. புகை மட்டும் கட்டடம் முழுவதும் ஏறியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் குழந்தைகள்.

லண்டனில் 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த தீயை எல்லோரும் வெளிச்சுவர்த் தகடுகளுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அது சரிதான், முதற்காரணம் அது. ஆனால் விசாரணை அறிக்கையில் வீட்டுக் கதவுகளைப் பற்றியும் இருக்கிறது. பல கதவுகளில் டோர் குளோசர் இல்லை, அல்லது பழுதாகியிருந்தது. ஆட்கள் தப்பி ஓடிய பிறகு அந்தக் கதவுகள் திறந்தே நின்று, புகையைப் பொதுக்கூடத்துக்குள் விட்டன.

செங்கலை இன்றே எடுத்துவிடுங்கள் அம்மா. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

---

எல்லைக்காவல்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். வளாகப் பாதுகாப்பு என் தொழில். தீ ஒரு கட்டடத்தின் வாழ்நாளில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். திருட்டு ஒவ்வொரு மாதமும் வருகிறது. திருட்டு என்றால் மிதிவண்டி மட்டும் என்று நினைக்காதீர்கள். நள்ளிரவில் பின்கதவு வழியாக உள்ளே வந்தவன் படிக்கட்டில் ஒரு பெண்ணைக் கத்தி முனையில் நிறுத்திய சம்பவத்தை நான் கையாண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் குடும்பத்திடம் "விதிப்படி கதவு திறந்திருக்க வேண்டும்" என்று எப்படிச் சொல்வது?

இரவில் காவலர் விழித்திருக்கிறார், சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. எச்சரிக்கை மணி அடித்தால் ஓடிப்போய்த் திறப்பார். ஒரு நிமிடம் ஆகுமா? இதில் என்ன தவறு?

---

பழைய சைரன்

ஐயா, உங்கள் கவலை உண்மையானது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது எந்தக் கட்டடத்திலும் நேரக்கூடாது.

ஆனால் அந்த ஒரு நிமிடத்தை நான் நேரில் பார்த்தவன். மணி அடித்ததும் காவலர் முதலில் எங்கே ஓடுவார்? தீ எங்கே என்று பார்க்க ஓடுவார். அல்லது முன்வாசலுக்கு எங்கள் வண்டியை வரவேற்க ஓடுவார். இரண்டும் மனித இயல்பு, குறை சொல்ல முடியாது. பின்கதவுக்கு உள்ளே நாற்பது பேர் இருட்டில் நிற்பது அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்து ஓடி வந்தாலும் சாவிக்கொத்தில் எட்டுச் சாவிகள், கை நடுங்கும். கதவு உள்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் கூட்டம் அதன் மேல் சாய்ந்த பிறகு பூட்டைத் திறந்தும் பயனில்லை.

நான் பார்த்தது ஒரு கிடங்கு. இடத்தையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. சாவி இருந்தது. சாவி வைத்திருந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

---

வரைபலகை

கட்டட வடிவமைப்பாளர். எல்லைக்காவல் அவர்களின் வாதம் புதியது இல்லை. இந்த விதிகள் எல்லாமே அந்த வாதத்துக்குக் கிடைத்த பதில்களாகத்தான் எழுதப்பட்டன. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1911 மார்ச் 25. நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை, பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் இயங்கியது. ஒன்பதாம் தளத்தில் படிக்கட்டுக்குப் போகும் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. காரணம் நீங்கள் சொன்னதேதான்: திருட்டு. வேலை முடிந்து போகும் பெண்களின் கைப்பைகளைச் சோதிப்பதற்காக எல்லோரையும் ஒரே வாசல் வழியாக அனுப்பினார்கள். வெளிப்புற இரும்பு ஏணிப்படி கூட்டத்தின் பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். வழக்கில் உரிமையாளர்கள் விடுதலையானார்கள். கதவு அந்த நேரத்தில் பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நடுவர்கள் ஐயமற நம்பவில்லை. "யாருக்கும் தெரியாமல் பூட்டியிருந்த கதவு" என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் கூட்டத் தீர்மானத்தில் கையெழுத்து இருக்கிறது, கயல்விழி. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அதை அழிக்க உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1883 ஜூன் 16. இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில் விக்டோரியா அரங்கில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. முடிவில் மேடையிலிருந்து பரிசுப் பொருள்கள் தருகிறார்கள் என்றதும் மேல்மாடத்துப் பிள்ளைகள் படியிறங்கி ஓடினார்கள். படியின் அடியில் உள்பக்கமாகத் திறக்கும் கதவு. டிக்கெட்டைச் சரிபார்க்க வசதியாக, ஒரு குழந்தை மட்டும் நுழையும் அளவுக்குத் திறந்து தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். 183 குழந்தைகள் நசுங்கி இறந்தார்கள். அங்கே தீயே இல்லை. கதவு மட்டும்தான். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாளுக்கு 1892இல் ராபர்ட் அலெக்சாண்டர் பிரிக்ஸ் காப்புரிமை பெற்றார்.

1903 டிசம்பர் 30, சிகாகோவின் இராக்வா நாடக அரங்கு. 602 பேர். வெளியேறும் வழிகள் பல இருந்தன. சில திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. சில பூட்டியிருந்தன. சிலவற்றில் யாருக்கும் பழக்கமில்லாத வகைத் தாழ்ப்பாள், இழுப்பதா திருப்புவதா என்று தெரியாமல் கையால் தடவிக்கொண்டே இறந்தார்கள். அந்தக் காட்சிக்குப் போக வேண்டியிருந்து வேலை காரணமாகப் போகாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் விற்பனையாளர். அவர் அதை மறக்கவில்லை. ஹென்றி டியூபான்ட் என்ற கட்டடக் கலைஞருடன் சேர்ந்து, உடம்பு பட்டாலே திறந்துகொள்ளும் குறுக்குத் தண்டை உருவாக்கினார். 1908இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நாம் பேனிக் பார் என்று சொல்வது அந்த மரபில் வந்ததுதான்.

1942 நவம்பர் 28, பாஸ்டனின் கோகோநட் குரோவ் கேளிக்கை விடுதி, 492 பேர். முன்வாசலில் சுழல்கதவு. இரு பக்கமிருந்தும் கூட்டம் நெருக்கியதில் அது அசையாமல் சிக்கிக்கொண்டது. வேறு சில கதவுகள் பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. சுழல்கதவின் பக்கத்திலேயே சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்ற விதி அதன் பிறகு வலுப்பெற்றது.

கும்பகோணத்தை நான் சொல்லாமலே நீங்கள் நினைத்திருப்பீர்கள். 2004 ஜூலை 16, சமையல் கூடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள். இந்த வரியை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது.

ஐம்பது, அறுபது பேருக்கு மேல் கூடும் இடத்தில் கதவு வெளியேறும் திசையில் திறக்க வேண்டும். உள்ளிருந்து ஒரே அசைவில் திறக்க வேண்டும். சாவியோ தனிப் பழக்கமோ தேவைப்படக் கூடாது. வழியின் அகலம் எங்கும் குறுகக் கூடாது. பல நாடுகளின் விதிநூல்களில் இவை வறண்ட வாக்கியங்களாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கிறது.

---

எல்லைக்காவல்

முழுவதும் படித்தேன். டிரையாங்கிள் பற்றி எனக்குத் தெரியாது. பைகளைச் சோதிக்கப் பூட்டினார்கள் என்ற இடத்தில் நிறுத்தி இரண்டு முறை படித்தேன். என் வேலையும் அதுதான்.

சரி, பூட்டக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் திருடன் வருவான் என்பது மாறவில்லை. பூட்டுக்குப் பதில் என்ன என்று யாராவது சொல்லுங்கள். "பூட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கட்டடத்தார் மறுபடி பூட்டுவார்கள். அதுதான் நடக்கிறது.

---

நிலைக்கதவு

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் ஐயா. வெளியிலிருந்து வருபவனைத் தடுப்பதும் உள்ளிருப்பவரை வெளியே விடுவதும் ஒரே கதவில் முடியும்.

மிக எளிய வழி: வெளிப்பக்கத்தில் கைப்பிடியே வேண்டாம், அல்லது சாவியால் மட்டும் திறக்கும் கைப்பிடி. உள்பக்கத்தில் பேனிக் பார். வெளியே நிற்பவனுக்கு அது சுவர், உள்ளே நிற்பவருக்கு ஒரு தள்ளு. மிதிவண்டி போன கதை எனக்குத் தெரிந்தவரை இப்படி நடந்திருக்கும்: யாரோ புகைபிடிக்க வெளியே போய், திரும்பி வருவதற்காகக் கதவிடுக்கில் கல்லை வைத்துவிட்டு மறந்திருப்பார். கதவில் ஒரு சிறு ஒலிப்பானை வையுங்கள், திறந்தால் கத்தும். காவலர் அறையிலும் ஒலிக்கும். ஒரு கேமராவும் வையுங்கள். சாதாரண நாளில் அந்த வழியைப் பயன்படுத்தும் பழக்கமே நின்றுவிடும்.

தீயறிவிப்பு அமைப்பு முழுமையாக உள்ள சில வகைக் கட்டடங்களில், சில நாட்டு விதிகள் தாமதப் பூட்டையும் அனுமதிக்கின்றன. தண்டைத் தள்ளினால் ஒலி எழும், 15 நொடியில் திறக்கும். தீ மணி அடித்தாலோ மின்சாரம் போனாலோ தாமதமின்றி உடனே திறந்துவிட வேண்டும். இதை நினைத்த இடத்தில் போட முடியாது. உங்கள் பகுதித் தீயணைப்புத் துறையிடம் எழுத்தில் அனுமதி பெற்ற பிறகே.

மின்காந்தப் பூட்டு, அட்டை காட்டித் திறக்கும் பூட்டு போடுபவர்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: மின்சாரம் போனால் இது திறக்குமா, பூட்டிக்கொள்ளுமா? வெளியேறும் வழியில் திறக்கும் வகைதான் இருக்க வேண்டும். விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், மின் இணைப்பைத் துண்டித்து உங்கள் கையாலேயே தள்ளிப் பாருங்கள்.

---

மூன்றாம் வார்டு

மருத்துவமனைச் செவிலி. எங்களுக்கு இந்தக் கதவுகள் வேறு பொருள். தீவிர சிகிச்சையில் இருப்பவரை ஐந்து மாடி இறக்க முடியாது. எங்கள் பயிற்சியில் சொல்வது: கீழே இறங்காதே, பக்கத்துப் பகுதிக்குப் போ. அதே தளத்தில், அடுத்த தீத்தடுப்புக் கதவைத் தாண்டிக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினால் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் மற்ற ஏற்பாடு. அதாவது நோயாளிக்கும் புகைக்கும் நடுவில் இருப்பது அந்தக் கதவு ஒன்றுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் கட்டில் சக்கரம் இடித்து இடித்து ஒரு கதவின் கீழ் விளிம்பு பிளந்துபோயிருந்தது. பல மாதங்கள் அந்தக் கதவைத் தாண்டி நடந்திருக்கிறேன், புகார் எழுதவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே, யாராவது எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, யாருமே எழுதவில்லை. கயல்விழி அம்மா, உங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அறிவிப்பு ஒட்டாதீர்கள்.

---

இளம்பரிதி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடிக்கடி போய்வரும் இடத்தில் கதவைத் திறந்து வைக்க முறையான வழியே இல்லையா? எங்கள் அலுவலகத்தில் ரப்பர் ஆப்பு வைத்திருக்கிறார்கள்.

---

நிலைக்கதவு

இருக்கிறது தம்பி. சுவரில் மின்காந்தம் ஒன்றைப் பொருத்திக் கதவைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கலாம். புகை உணர்வியோ தீ மணியோ இயங்கியதும், அல்லது மின்சாரம் போனதும் காந்தம் விட்டுவிடும், கதவு தானே சாத்திக்கொள்ளும். மருத்துவமனை நடைகூடங்களில் பார்த்திருப்பீர்கள். ரப்பர் ஆப்புக்கு மணி கேட்காது. ஓடுகிறவர் எவரும் நின்று குனிந்து ஆப்பை எடுக்கவும் மாட்டார்.

---

நீள்பாதை

நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். ஏழாம் தளத்தில் வசிக்கிறேன்.

இவ்வளவு நேரம் நடந்த பேச்சில் "தள்ளினால் திறக்கும்" என்று எல்லோரும் எழுதிவிட்டீர்கள். யார் தள்ளினால்? எங்கள் தளத்துக் கதவை என்னால் திறக்க முடியாது. தள்ளினால் கதவு அசையாது, நாற்காலி பின்னால் உருளும். செங்கல் வைத்தவர்களை நான் திட்ட மாட்டேன். அவர்களில் சிலர் எனக்காகத்தான் வைத்தார்கள்.

இரண்டு விஷயங்கள் கேட்க விரும்புகிறேன். கதவின் எதிர்ப்பைக் குறைக்க முடியுமா? கதவைத் தாண்டிய பிறகு நான் என்ன செய்வது? படிக்கட்டு எனக்குச் சுவர் மாதிரி. மின்தூக்கியைப் பயன்படுத்தாதே என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. தீ ஒத்திகை நடந்த அன்று "நீங்கள் வீட்டிலேயே இருங்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று அன்பாகச் சொன்னார்கள். அன்று இரவு வெகுநேரம் அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

---

பழைய சைரன்

அம்மா, உங்கள் கேள்வி முதலிலேயே வந்திருக்க வேண்டும். வராமல் போனது எங்கள் தவறு.

படிக்கட்டுக் கூண்டுக்குள், கதவைத் தாண்டியதும், இறங்குவோர் வழியை மறிக்காமல் ஒரு சக்கர நாற்காலி நிற்கும் இடம் இருக்க வேண்டும். காப்பிடம் என்று சொல்வோம். தீத்தடுப்புச் சுவரும் கதவும் சூழ்ந்த இடம் அது. அங்கிருந்து கீழே பேச ஒரு தொடர்புக் கருவி வேண்டும். ஆனால் அது காத்திருக்கும் இடம் மட்டுமே, விட்டுவிட்டுப் போகும் இடம் கிடையாது. யார் வந்து இறக்குவது, எதில் இறக்குவது என்பது முன்கூட்டியே பெயர் குறித்து எழுதியிருக்க வேண்டும். படியில் வழுக்கி இறங்கும் மீட்பு நாற்காலி கிடைக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவரே அதில் ஆளை இறக்கிவிடலாம், இருவர் இருந்தால் நல்லது. மின்தூக்கி வேண்டாம் என்பது சாதாரண மின்தூக்கிக்கு. தனி மின்வழியும் புகைத்தடுப்பும் கொண்டு மீட்புக்கென்றே கட்டப்பட்ட மின்தூக்கிகள் சில கட்டடங்களில் உண்டு. உங்கள் கட்டடத்தில் இருப்பது எது என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்த ஒத்திகையில் நீங்கள் கலந்துகொண்டே ஆக வேண்டும். உங்களை இறக்கிப் பார்க்காத ஒத்திகை நிறைவானதில்லை.

---

நிலைக்கதவு

கதவின் எதிர்ப்பைப் பற்றி. கனமாக இருப்பதற்குக் கதவின் எடை பெரும்பாலும் காரணம் இல்லை. நல்ல கீலில் தொங்கும் கதவு, எவ்வளவு எடையானாலும் ஒரு விரலுக்கு அசையும். எதிர்ப்பு டோர் குளோசரின் வில்லிலிருந்து வருகிறது. பல குளோசர்களில் வில்லின் வலிமையைத் திருகிக் குறைக்கலாம், கூட்டலாம். மூடும் வேகத்துக்கும், கடைசியில் தாழில் விழும் வேகத்துக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. கதவு முழுமையாகச் சாத்தி நாக்கு தாழில் விழும் அளவுக்குக் குறைந்த வலிமையை வைத்தால் போதும். பொருத்திய அன்று முழு வலிமையில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு யாரும் தொடுவதில்லை.

வேறு காரணங்களும் இருக்கும். கீல் துருப்பிடித்திருக்கலாம். கதவு இறங்கித் தரையில் உரசலாம். தரைக்குப் புது ஓடு பதித்து உயர்த்தியிருக்கலாம். அப்போது தச்சரைக் கூப்பிட்டுக் கதவின் அடியைச் சீவிவிடுகிறார்கள், அதோடு சோதனைச் சான்று போயிற்று. படிக்கட்டுக்குள் காற்றை அழுத்தமாக ஊதும் விசிறி இருந்தால் அந்த அழுத்தமும் கதவைத் தள்ளும், அதை வேறாகச் சரிசெய்ய வேண்டும். இவை எல்லாம் செய்தும் சிலரால் திறக்க முடியாது. அந்தத் தளங்களில் நான் மேலே சொன்ன காந்தப் பிடிப்பான் பொருத்துவதே நேர்மையான வழி. செங்கல் செய்த வேலையை அதுவும் செய்யும், மணி அடித்ததும் விட்டுவிடும்.

கயல்விழி சகோதரிக்கு: கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லாத் தளங்களுக்கும் நடந்து போங்கள். ஒவ்வொரு கதவையும் முழுதாகத் திறந்து கையை விடுங்கள். பிறகு ஒரு சாண் மட்டும் திறந்து கையை விடுங்கள். இரண்டு முறையும் தானே வந்து தாழில் விழுந்தால் நல்லது. பாதியில் நின்றால் குறித்துக்கொள்ளுங்கள். இணையக் கம்பி கொண்டுபோகக் கதவிலோ நிலையிலோ துளை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இதை எங்கும் பார்க்கிறேன். செருப்பு அடுக்கு, மிதிவண்டி, பழைய மெத்தை, மின்னேற்றும் ஸ்கூட்டர் எதுவும் படிக்கட்டில் இருக்கக் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு அவசர விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கடைசிக் கதவைத் திறந்து வெளியே வந்ததும் அங்கே ஒரு வாகனம் மறித்து நிற்கவில்லையா என்பதையும் பாருங்கள்.

---

வரைபலகை

இன்னொன்று, நடந்து பார்க்கும்போது இரண்டாம் படிக்கட்டு வழியாகவே இறங்குங்கள், மற்றவர்களையும் அழைத்துப் போங்கள். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் 2003 பிப்ரவரி 20 அன்று ஓர் இசை விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். வேறு வழிகள் இருந்தும் கூட்டத்தின் பெரும்பகுதி வந்த வழியான முன்வாசலுக்கே திரும்பியது, அங்கே நெரிசலில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அடைபட்டார்கள். மனிதர் ஆபத்தில் தெரிந்த வழியைத்தான் நாடுவார். பச்சைப் பலகையில் ஓடும் மனிதர் எல்லா மொழிக்காரருக்கும் புரிவார், ஆனால் புகையில் பலகை தெரியாது, கால்களுக்குத்தான் வழி தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லோரும் அந்தப் படிகளில் இறங்கியிருக்க வேண்டும்.

---

கயல்விழி

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். உங்கள் எல்லோருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை நானும் காவலரும் தளம் தளமாகப் போனோம். 18 கதவுகளில் ஏழுதான் தானாகத் தாழில் விழுந்தன. ஐந்து பாதியில் நின்றன. மூன்றில் குளோசரின் கை கழன்று தொங்கியது. இரண்டில் கம்பிக்காகத் துளை போட்டிருந்தார்கள். ஆறாம் தளத்தில் ஒரு கதவு அடியில் சீவப்பட்டிருந்தது, என் மணிக்கட்டு நுழைந்தது. இரண்டாம் படிக்கட்டில் நான்காம் தளத்துக்குக் கீழே அவசர விளக்கு ஒன்றும் எரியவில்லை. நான் இந்தக் கட்டடத்துக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் படிக்கட்டில் இறங்கியது இதுவே முதல் முறை.

கூட்டத்தில் பிராங்க்ஸ் பற்றிப் படித்தேன். டிரையாங்கிள் பற்றிப் படித்தேன். பின்கதவைப் பூட்டும் தீர்மானம் ரத்தாயிற்று. எதிர்த்தவர் இருவர். பேனிக் பாரும் ஒலிப்பானும் வாங்க ஒப்புதல் கிடைத்தது. காந்தப் பிடிப்பானுக்குப் பணம் போதாது என்று அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவிட்டார்கள், எனக்கு வருத்தம்தான். அதுவரை குளோசர் எல்லாவற்றையும் சரிசெய்து தர ஒருவரை அழைத்திருக்கிறோம். நீள்பாதை அவர்களின் பதிவை வாசித்தபோது யாரும் பேசவில்லை. எங்கள் கட்டடத்தில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். எங்களிடம் கணக்கே இல்லை. நாளை முதல் வீடு வீடாகக் கேட்கப் போகிறோம்.

மூன்றாம் தளத்தில் செங்கல் மறுபடி வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெரியம்மாவிடம் போனேன். மூட்டுவலி, தினமும் நான்கு முறை போக வேண்டும் என்றார். அவர் வீட்டுக்கு எதிரிலுள்ள குளோசரைத்தான் முதலில் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்.

---

எல்லைக்காவல்

நான் பொறுப்பில் இருக்கும் வளாகத்தில் மூன்று கதவுகள் இரவில் பூட்டப்படுகின்றன. பூட்டச் சொன்னது நான்தான். நேற்றிரவு பூட்டுகளைக் கழற்றி ஆட்களை நிறுத்தினேன். இந்த வாரமே பேனிக் பார் பொருத்த வேண்டும். நிலைக்கதவு ஐயா, ஒரு கதவு உள்பக்கமாகத் திறக்கிறது, நிலை பழைய மரம். நிலையோடு மாற்ற வேண்டுமா, கீலை மட்டும் திருப்பிப் போட்டால் போதுமா?

---

நிலைக்கதவு

நிலையோடு மாற்றுங்கள் ஐயா. பழைய நிலையில் புதுக் கதவு சோதிக்கப்பட்ட அமைப்பு ஆகாது. திறப்பின் அகலம், உயரம், சுவரின் தடிமன் மூன்றையும் அளந்து எழுதுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்போது படியின் மேல் தொங்காமல் சமதரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அளவு வந்ததும் எழுதுகிறேன்.